தினம் தினம் தராசில் ஏறலாமா?

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் நெல்லையும் மணிலாவையும் மூட்டை மூட்டையாக அங்கே கொண்டு வருகிறார்கள்.

நெல்லுக்கு விலை பேசத் தெரிந்தவர் எடுத்த எடுப்பில் தராசைப் பார்ப்பதில்லை. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, கொஞ்சம் நெல்லை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கிறார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிக்கிறார். கடக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈர நெல். இப்போது ஈரத்தை அளக்கும் கருவியும் வந்துவிட்டது. அரசாங்கம் கொள்முதல் செய்யும் நெல்லில் 100-க்கு 17 பங்கு வரைதான் ஈரம் இருக்கலாம் என்பது பொது விதி.

இந்தச் சோதனை எதற்காக? இரவு மழையில் நனைந்த மூட்டை காலையில் கூடுதல் எடைதான் நிற்கும். ஆனால் அதற்குள் ஒரு மணி நெல்கூட அதிகம் இருக்காது. ஏறியது வெறும் தண்ணீர். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

ஆனால் அதே மனிதர்கள் வீட்டிலே தங்கள் உடம்பை நிறுக்கும்போது மட்டும் இதை மறந்து விடுகிறார்கள்!

கணக்குப்பிள்ளையின் கவலை

உதாரணத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளையைக் கற்பனை செய்து கொள்ளலாம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வயது 46. எடை 82 கிலோ. நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்த உத்தியோகம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. எடையைக் குறையுங்கள், நடங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்.

கணக்குப்பிள்ளை சும்மா இருப்பாரா? அன்றைக்கே கண்ணாடிப் பலகை போட்ட எடை யந்திரம் ஒன்றை வாங்கி வந்து விடுகிறார். காலையில் எழுந்ததும் ஏறுகிறார். காப்பி குடித்ததும் ஏறுகிறார். நடந்துவிட்டு வந்ததும் ஏறுகிறார். இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை.

முதல் மூன்று நாட்களில் யந்திரம் 800 கிராம் குறைத்துக் காட்டுகிறது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு விசேஷம். கொஞ்சம் பிரியாணி, கொஞ்சம் ஊறுகாய், இரண்டு அப்பளம். திங்கட்கிழமை காலை யந்திரத்தில் ஏறினால் ஒரே நாளில் அரைக் கிலோ ஏறியிருக்கிறது!

"ஒரு வாரம் பட்டினி கிடந்ததெல்லாம் வீணாப் போச்சு. இனிமே நடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சோர்ந்து உட்காருகிறார்.

அவர் மனைவி பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "ஏங்க, ஈர மூட்டையை நிறுத்துப்பிட்டு நெல்லு வெளஞ்சிடுச்சின்னு யாராவது சொல்லுவாங்களா?"

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குள்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

உடம்புக்குள் எவ்வளவு ஈரம்?

வளர்ந்த மனிதனின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இந்தத் தண்ணீர் ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் நடுவே ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோ வரைகூட எடை மேலும் கீழும் போகும்.

காரணங்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு பெரிய செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு யந்திரத்தில் ஏறினால் அது ஒரு கிலோ கூட்டித்தான் காட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு அதிகம் சேர்ந்தால், உடம்பு அந்த உப்புக்கு ஈடாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மலச்சிக்கல் இருந்தால் அந்தக் கனமும் தராசில் ஏறும். பெண்களில் பலருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடம்பில் நீர் கோத்து எடை கூடும். பிறகு தானே இறங்கும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டு வருகிறவருக்கு எடை குறைந்திருக்கும்; அதுவும் இரண்டு தம்ளர் மோர் குடிக்கும் வரைதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சோற்றிலிருந்தும் மாவுப் பண்டங்களிலிருந்தும் கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை, அவசரத்துக்கு உதவும் என்று, ஈரலும் தசையும் சேமித்து வைக்கின்றன. 'கிளைக்கோஜன்' என்று இதற்குப் பெயர். மொத்தம் அரைக் கிலோவுக்குள் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக் கொள்கிறது. சோற்றைத் திடீரென்று குறைத்தால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. அது போகும்போது தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும், ஒரு விருந்து சாப்பிட்டதும் சட்டென்று ஏறுவதும் இதனால்தான்.

150 இட்லி!

கொழுப்பு அப்படி ஒரே ராத்திரியில் ஏறாது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பின் செலவுக்குப் போக ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 150 இட்லிக்கு அதிகமாக உள்ளே தள்ள வேண்டும். கணக்குப்பிள்ளை எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனாக இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது நடக்கிற காரியமா?

கொழுப்பு குறைவதும் அதே மாதிரி நிதானமாகத்தான். தினசரிச் சாப்பாட்டில் 500 கலோரி குறைத்தால் ஒரு நாளைக்குக் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். சாதாரண வீட்டு எடை யந்திரம் காட்டும் மிகச் சிறிய அளவே 100 கிராம். தண்ணீர் ஆடும் ஆட்டமோ 1,000 கிராமுக்கு மேல்.

தட்டாஞ்சாவடி என்ற ஊரின் பெயரிலேயே தட்டான் இருக்கிறார். தட்டான் என்றால் பொற்கொல்லர். குன்றிமணி எடைக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவர். காற்றுப் பட்டால் முள் ஆடும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் தராசை வைத்து நிறுப்பவர். அவரிடம் போய், "விறகுக் கடைத் தராசில் இந்த மூக்குத்தியை நிறுத்துச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வார்? இன்று கரைந்த கொழுப்பை இன்றே வீட்டு யந்திரத்தில் பார்க்க நினைப்பதும் அந்த மாதிரி வேலைதான்.

முப்பது வருஷம் நிறுத்த டாக்டர்

எடை பார்ப்பதில் உலகத்தில் யாரும் மிஞ்ச முடியாத ஒருவர் இத்தாலியில் இருந்தார். சாண்டோரியோ என்ற வைத்தியர். 1561-ல் பிறந்து 1636-ல் இறந்தவர். பாதுவா நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்க விட்டு அதில் உட்கார்ந்து கொள்வார். தின்றது, குடித்தது, வெளியேறியது எல்லாவற்றையும் நிறுப்பார். இப்படி ஏறக்குறைய முப்பது வருஷம்! கண்டதை எல்லாம் 1614-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? ஒருவர் ஒரு நாளில் 8 ராத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அதில் 5 ராத்தல் வரை கண்ணுக்குத் தெரியாமலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்பது அவருடைய முடிவு. ஒரு நாளில் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் நீரின் போக்குவரத்து என்ற விஷயத்துக்கு நானூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்த சாட்சி இது.

அந்தக் காலத்தில் கனம் கூடுவதைக் கண்டு யாரும் பயப்படவில்லை என்பதும் வேடிக்கை. மொகலாய மன்னர்களைப் பிறந்த நாளில் தராசில் உட்கார வைத்துப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் நிறுப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் டில்லிக்கு வந்த பெர்னியர் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். சென்ற வருஷத்தைவிட ஔரங்கசீப்பின் எடை இரண்டு ராத்தல் கூடியிருந்ததாம். அதைப் பார்த்து அரண்மனைப் பிரபுக்கள் எல்லோருக்கும் ஒரே ஆனந்தமாம்! இன்றைக்கு அதே இரண்டு ராத்தலுக்காக எத்தனை வீடுகளில் காலைப் பலகாரம் நின்று போகிறது!

தினமா? வாரமா?

அப்படியானால் எடையே பார்க்க வேண்டாமா? அப்படிச் சொல்வதும் தவறு. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. அளக்காமல் விட்டவர்களின் கதி இன்னும் மோசம்.

அமெரிக்காவில் பிரவுண் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரீனா விங் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியாயிற்று. தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்துவிட்ட 314 பேரை எடுத்துக்கொண்டு, பதினெட்டு மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவ்வப்போது அறிவுரைத் தாள் மட்டும் போயிற்று. மற்றப் பிரிவினருக்கு, தினம் எடை பார்த்து, ஏறத் தொடங்கியதும் அங்கேயே திருத்திக் கொள்ளும் முறை கற்றுக் கொடுக்கப்பட்டது. தாள் மட்டும் வாங்கியவர்களில் 100-க்கு 72 பேர் இரண்டேகால் கிலோவுக்கு மேல் திரும்ப ஏற்றிக் கொண்டார்கள். நேரில் பாடம் கேட்டவர்களில் அப்படி ஏற்றியவர்கள் 100-க்கு 46 பேர். தினம் எடை பார்த்தவர்களுக்கு மறுபடி பருக்கும் ஆபத்துக் குறைவாக இருந்தது.

ஆகவே தினம் பார்ப்பவர்களின் கட்சியில் நியாயம் இருக்கிறது.

எதிர்க் கட்சியிலும் நியாயம் உண்டு. மின்னசோட்டா பல்கலைக் கழகத்தார் 1,800-க்கு மேற்பட்ட இளைஞர்களையும் இளம் பெண்களையும் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிக்கடி எடை பார்க்கும் பழக்கம் கூடக் கூட, இளம் பெண்களுக்கு உடம்பைப் பற்றிய கவலையும் மனச் சோர்வும் கூடவே கூடின. தன்னைப் பற்றிய மதிப்புக் குறைந்தது.

இரண்டுக்கும் நடுவே வழி என்ன? எடை பார்ப்பது வேறு. தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே நிமிஷத்தில் செய்வதால்தான் சங்கடம் வருகிறது. எடையைத் தினம் குறித்துக் கொள்ளலாம். தீர்ப்பை வாரத்துக்கு ஒரு தடவைதான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளைக்கு ஏற்ற கணக்கு

நம் கணக்குப்பிள்ளையின் குறிப்பையே பார்க்கலாம். முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 82.0, 81.6, 81.2, 81.5, 81.0, 81.1, 81.6. இரண்டாவது வாரம்: 82.1, 81.3, 80.9, 81.0, 80.7, 80.6, 80.9.

முதல் திங்கட்கிழமை 82.0, அவர் சோர்ந்து உட்கார்ந்த இரண்டாவது திங்கட்கிழமை 82.1. ஒரு வாரம் கஷ்டப்பட்டதற்கு 100 கிராம் ஏற்றம்! திங்கட்கிழமை மட்டும் எடை பார்ப்பவர் அன்றே நடையை நிறுத்தியிருப்பார்.

ஆனால் மனைவியின் பேச்சைக் கேட்டு அவர் இரண்டாவது வாரமும் நடந்தார். ஏழு நாளையும் கூட்டிப் பார்த்தால் முதல் வாரம் 570. இரண்டாவது வாரம் 567.5. ஏழால் வகுத்தால் முதல் வாரத்துச் சராசரி 81.4 கிலோவுக்கு மேல். இரண்டாவது வாரத்துச் சராசரி 81.1 கிலோவுக்குச் சற்றுக் கீழே. அதாவது ஒரு வாரத்தில் 350 கிராமுக்கு மேல் இறங்கியிருக்கிறது. நியாயமான, நல்ல இறக்கம் இது.

பிரியாணி சாப்பிட்ட மறுநாளின் ஈரமும் வியர்த்த நாளின் வறட்சியும் ஏழு நாள் கூட்டலில் ஒன்றுக்கொன்று ஈடாகி விடுகின்றன. மிஞ்சுவதுதான் உண்மையான நெல். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். கைப்பேசியில் கணக்கிடும் செயலிகளும் உண்டு. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரும் பென்சிலும் அதே வேலையைச் செய்யும்.

தினம் பார்த்தால் மனம் தாங்காது என்கிறவர்கள் உண்டு. எண் கூடினால் அன்று முழுதும் எரிச்சல், எண் குறைந்தால் அன்று ஜாங்கிரி என்று இருப்பவர்களும் உண்டு. அவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் பார்க்கலாம். வியாழன், வெள்ளி போன்ற ஒரு வேலை நாள் நல்லது. விருந்துக்கு மறுநாள் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: நான்கு வாரத்து எண்கள் சேரும் வரை எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

வளரும் பெண் பிள்ளைகளைத் தினம் தராசில் ஏற்றி, "இன்றைக்கு என்ன காட்டுகிறது?" என்று கேட்கும் வழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம். சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறவர்கள் ஆகியோரின் பார்வையிலிருந்து எடை யந்திரத்தை எடுத்துவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போவதே சரி.

தராசுக்கும் ஒழுக்கம் வேண்டும்

எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். காலையில் எழுந்து, மலஜலம் கழித்துவிட்டு, காப்பி குடிக்கும் முன் ஏறுவது உத்தமம். உடுத்தும் துணி தினம் ஒரே மாதிரி இலேசாக இருக்கட்டும். யந்திரம் கெட்டியான, சமமான தரையில் இருக்க வேண்டும். பாய் மேலும் விரிப்பு மேலும் வைத்தால் தவறு காட்டும். வீட்டில் ஒன்று, மருந்துக் கடையில் ஒன்று, மாமனார் வீட்டில் ஒன்று என்று மாறி மாறி ஏறிவிட்டு வித்தியாசத்துக்கு அழுவதில் அர்த்தமில்லை.

கடைக்காரரின் மின்னணுத் தராசை வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்து முத்திரை இட வேண்டும் என்பது சட்டம். வீட்டு யந்திரத்தை யாரும் சோதிப்பதில்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. வெறுங்கையோடு ஏறி எடையைக் குறித்துக் கொண்டு, பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினால், வித்தியாசம் ஐந்து கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் யந்திரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கிலோகிராமுக்கே இந்தச் சங்கடம் வந்தது. பிரெஞ்சு நாட்டில் பாரிஸ் நகருக்குப் பக்கத்தில், செவ்ர் என்ற ஊரில், 1889-ஆம் ஆண்டிலிருந்து பிளாட்டினம் கலந்த உருளை ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். உலகத்துக்கெல்லாம் அதுதான் 'ஒரு கிலோ'. நூறு வருஷத்தில் ஒரு சில தடவைதான் அதை வெளியே எடுத்து நிறுத்தார்கள். அப்படியும் அதற்கும் அதன் நகல்களுக்கும் ஒரு கிராமில் லட்சத்தில் ஐந்து பங்கு அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. 2019 மே 20-ஆம் தேதி அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து, இயற்கையின் மாறாத அளவு ஒன்றைக் கொண்டு கிலோகிராமுக்கு இலக்கணம் வகுத்தார்கள். கண்ணாடிக் கூண்டில் தூங்கிய உருளையே மாறிற்று என்றால், மூன்று வேளையும் சாப்பிட்டு நடமாடும் மனிதன் தினம் ஒரே எடையில் நிற்பானா?

தராசு காட்டாத லாபம்

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி சென்னையில் கிடைத்தது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. கணக்குப்பிள்ளையைப் போல, சர்க்கரை வியாதி வாசற்படியில் நின்ற 531 பேரை அதில் சேர்த்துக் கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினரைத் தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் செய்தார்கள். சீனியையும் எண்ணெயையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கச் செய்தார்கள். ஏறக்குறைய இரண்டரை வருஷம் கவனித்தார்கள்.

வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டைத் திருத்திக் கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது.

சரி, அவர்களின் எடை எவ்வளவு குறைந்தது? அதுதான் ஆச்சரியம். சொல்லும்படியாகக் குறையவே இல்லை! தராசு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. வியாதி மட்டும் பலருக்கு வாசற்படியைத் தாண்டவில்லை.

இதனால் எடை குறைவது வேண்டாத காரியம் என்று ஆகாது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான இதே மாதிரி ஆராய்ச்சியில், எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பதைக் குறிக்கோளாக வைத்து உழைத்தவர்களிடையே சர்க்கரை வியாதி 100-க்கு 58 பங்கு குறைந்தது. எடை இறங்கினால் லாபம் பெரிது. ஆனால் தராசு நகரவில்லை என்பதற்காக நடையை நிறுத்தியிருந்தால், சென்னையில் தப்பித்தவர்களில் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்?

இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் அளவுக்கு அதிகமான எடை உடையவர்கள். ஆண்களின் கணக்கும் அப்படியேதான். அவர்களில் எத்தனையோ பேர் நடக்கத் தொடங்குகிறார்கள். எத்தனையோ பேர் ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஓர் எண்ணைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ தண்ணீரைக் கொழுப்பென்று நம்பியதற்கு, பிற்காலத்தில் கண்ணும் சிறுநீரகமும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தராசோடு கூட இன்னொரு சாட்சியையும் விசாரிக்க வேண்டும். தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும். மாதம் ஒரு தடவை வயிற்றின் சுற்றளவை அளந்து கொள்ளலாம். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது வைத்திய நிபுணர்கள் வகுத்த எல்லை. பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போவதும், மாடிப் படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருப்பதும், ரத்தச் சோதனையில் சர்க்கரை இறங்குவதும் தராசில் தெரியாத லாபங்கள்.

இவர்கள் மட்டும் தினம் பார்க்க வேண்டும்

ஒரு விதிவிலக்கு உண்டு. இருதயம் பலவீனமானவர்களுக்குத் தினம் எடை பார்க்கும்படி டாக்டர்களே சொல்வார்கள். அவர்கள் விஷயத்தில் ஈரமே அபாயம். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, சராசரிக் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதே போல, எந்த முயற்சியும் செய்யாமல் எடை தானாக இறங்கிக்கொண்டே போனால் சந்தோஷப்படக் கூடாது. சர்க்கரை வியாதி, காசநோய், தைராய்டு கோளாறு, புற்றுநோய் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அட்டையின் இரண்டு பக்கங்கள்

ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழலும் எடை யந்திரங்கள் இருந்தன. ஏறி நின்று காசு போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கத்தில் எடை அச்சாகியிருக்கும். மறு பக்கத்தில் ஜோசியம். 'உமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது' என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். பயணிகள் எடையைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஜோசியத்தைப் படித்து அதைவிடப் பெரிதாகச் சிரிப்பார்கள். பிறகு ரயில் ஏறிப் போய்விடுவார்கள்.

இன்று வீட்டுக்கு வீடு யந்திரம் வந்துவிட்டது. ஜோசிய அட்டை போய்விட்டது. ஆனால் ஜனங்கள் எடையையே ஜோசியமாகப் படிக்கத் தொடங்கி விட்டார்கள். அன்றைய தினம் நல்லதா கெட்டதா, சாப்பிடலாமா கூடாதா, தான் கெட்டிக்காரனா உதவாக்கரையா என்பதையெல்லாம் அந்த எண்ணிடம் கேட்கிறார்கள். அவ்வளவும் சொல்வதற்குத் தராசுக்கு என்ன தெரியும்?

கணக்குப்பிள்ளை செய்ய வேண்டியது அவருடைய சொந்தத் தொழிலில் செய்வதுதான். கம்பெனியில் ஒரு நாள் விற்பனை மந்தமாக இருந்தால் அவர் கடையைப் பூட்டச் சொல்வதில்லை. அன்றன்று வருவதை அன்றன்று எழுதுகிறார். வாரக் கடைசியில் கூட்டுகிறார். மாதக் கடைசியில் லாப நஷ்டம் பார்க்கிறார். உடம்புக் கணக்குக்கும் அந்த நிதானம் போதும்.

இடையில் வருகிற திங்கட்கிழமைகளில் யந்திரம் என்ன காட்டினாலும் சரி, எண்ணைக் குறித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்ப வேண்டியதுதான்.